எந்தப் பையில் இருந்தாலும் பணம் பணம்தானா?

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் தொகைகளையும் நானும் மாற்றியிருக்கிறேன். அவருடைய மாமனார் நான்கு தறிகளோடு தொடங்கிய தொழில், இன்று மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக வளர்ந்திருக்கிறது. மாமனாரும் கணவரும் இயக்குநர்கள். எம்.காம். படித்த வாசகி, இரண்டு ஆண்டுகளாகக் கம்பெனியின் கணக்கைக் கவனித்து வருகிறார்.

மார்ச் 31-ஆம் தேதிக்கான இருப்புநிலைக் குறிப்பைத் (பேலன்ஸ் ஷீட்) தயாரித்தபோது ‘ரொக்கமும் வங்கி இருப்பும்’ என்று ஒரே வரியில் 1,24,40,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். அதற்குள் அடங்கியவை இவை: டாலி என்ற கணக்கு மென்பொருளின்படி கையிருப்பு ரொக்கம் 14,60,000. நடப்புக் கணக்கில் வங்கி அறிக்கைப்படி 9,40,000. ஏற்றுமதியாளர்களுக்கான டாலர் கணக்கில் 8,30,000. மூன்று ரசீதுகளில் ஃபிக்சட் டெபாசிட் 40 லட்சம். இரண்டு பரஸ்பர நிதிகளில், மார்ச் 31 விலைப்படி, 30,10,000. மாமியார் பெயரில் போட்ட டெபாசிட் 12 லட்சம். மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி கிடைக்கும் என்பதற்காகக் கம்பெனிப் பணத்தை அவர் பெயரில் போட்டிருக்கிறார்கள். கடைசியாக, தெரிந்தவர் நடத்தும் பைனான்ஸில் புரோநோட்டின் பேரில் ஒன்றரை வட்டிக்குக் கொடுத்த 10 லட்சம்.

தணிக்கையாளர் அலுவலகம் இந்த வரியைப் பிரித்து எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது. அடுத்த மாதம் வங்கியில் சி.சி. கணக்கின் (தேவைக்கேற்ப எடுத்துக் கட்டும் தொழில் கடன் கணக்கு) வரம்பைப் புதுப்பிக்க வேண்டும். “நம் பணம் நம் பணம்தானே, எந்தப் பையில் இருந்தால் என்ன? பிரித்துக் காட்டினால் வங்கிக்காரர் வரம்பைக் குறைத்துவிடுவார்” என்கிறார் மாமனார். பிரிப்பது கட்டாயமா, வரம்பு குறையுமா, சி.சி. கணக்கில் எடுத்திருக்கும் 62 லட்சத்தை இந்த ரொக்கத்தில் கழித்துக் காட்டலாமா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார் வாசகி. கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி: “பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,15,000 தான் இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.”

அன்புள்ள அம்மணிக்கு,

அந்தக் கடைசி வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஈரோட்டில் முப்பது ஆண்டுகளாகத் தணிக்கை அலுவலகம் நடத்தி வருகிறேன். குடும்பக் கம்பெனிகளின் கணக்கில் நான் அதிகம் பார்த்த சிக்கல் இதுதான், இதைச் சரிசெய்ய வழியும் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் மாமனாரின் வாதத்துக்கு அவருக்குப் பழக்கமான மொழியிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நீங்கள் பேச வேண்டியது அவரிடம்தான்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் மடியில் கட்டிக்கொண்டு போவது எது? ரொக்கம். வீட்டில் ஃபிக்சட் டெபாசிட் ரசீது இருக்கலாம், மண்டியில் மஞ்சள் மூட்டைகள் இருக்கலாம், பங்காளியிடம் கொடுத்த கைமாற்று வர வேண்டியிருக்கலாம். அவர் வசதியானவர் என்பதற்கு அவையெல்லாம் சான்று. ஆனால் அன்றைக்கு அந்த மாட்டின் கயிறு அவர் கைக்கு வருவதற்கு மடியில் இருப்பது மட்டுமே உதவும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் என்ற வரி கேட்பது அந்த மடிப் பணத்தை. மொத்தச் செல்வத்தைச் சொல்ல மற்ற வரிகள் இருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு தொகையையும் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எப்போது கைக்கு வரும்? வரும்போது இன்ன தொகை என்று இப்போதே உறுதியாகத் தெரியுமா? இது யார் பெயரில் இருக்கிறது, யாருக்கும் அடமானமாகாமல் இருக்கிறதா? உங்கள் கம்பெனிக்குப் பொருந்தும் கணக்கியல் தரம் 3-உம், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையும் சுற்றிச் சுற்றிக் கேட்பது இவற்றைத்தான். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் இதில் வந்துவிடுகிறது. பிரிப்பது கட்டாயம். சிறிய கம்பெனி என்றால் ரொக்க ஓட்ட அறிக்கை தயாரிப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் மூன்றாவது அட்டவணை கேட்கும் இந்தப் பிரிவினையிலிருந்து விலக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

பெட்டியில் இல்லாத 12,45,000 ரூபாய்

கணக்கில் 14,60,000, பெட்டியில் 2,15,000. இடைவெளி 12,45,000. கூலிக்கு, டெம்போ வாடகைக்கு, கோயில் நன்கொடைக்கு, வீட்டுச் செலவுக்கு, கொழுந்தனார் மகளின் காதுகுத்துக்கு என்று வங்கியிலிருந்து எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்தபோது ரொக்கம் ஏறியது; செலவானபோது வவுச்சர் எழுதாததால் ரொக்கம் இறங்கவில்லை. ஒருவரும் திருடவில்லை. ஆனால் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டும் தாளில் இயக்குநர்கள் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அது சிறிய விஷயம் அல்ல.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் ஒரு சாரார் கணக்கில் காட்டாத பணத்தை வைத்திருந்தவர்கள். இன்னொரு சாராரைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படவில்லை. அவர்கள் கணக்கில் பத்து லட்சமும் இருபது லட்சமும் கையிருப்பு இருந்தது, பெட்டியில் இல்லை. உண்மையிலேயே இருந்தால் வங்கியில் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் எங்கே என்று கேள்வி வரும். அந்த ஆண்டு, நவம்பர் 8-ஆம் தேதி கையில் எந்த நோட்டு எவ்வளவு இருந்தது, டிசம்பர் 30 வரை எவ்வளவு கட்டப்பட்டது என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் நிதிநிலை அறிக்கையிலேயே காட்ட வேண்டும் என்று அரசு விதித்தது. பல ஆண்டுகளாகச் சும்மா உருண்டு வந்த எண் ஒரே இரவில் பதில் சொல்ல வேண்டிய எண்ணாகிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அந்த 12,45,000 எங்கே போயிற்று என்று உங்களால் முடிந்தவரை ஒரு பட்டியல் எழுதுங்கள். கூலிப் பதிவேடு, டெம்போக்காரரின் சீட்டு, உங்கள் கணவரின் குறிப்பேடு என்று எது கிடைத்தாலும் சேருங்கள். ஆதாரத்தோடு தொழிலுக்காகச் செலவானது என்று தெரிந்தால் அதைச் செலவாகவே எழுதலாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. சரக்கு வண்டி வாடகைக்கு அந்த எல்லை 35,000. அப்படிக் கழிக்க முடியாவிட்டாலும் செலவு செலவுதான், கணக்கில் உண்மையாக எழுதுங்கள்.

வீட்டுச் செலவும் காதுகுத்தும் கம்பெனியின் செலவு ஆகாது. அந்தத் தொகை, எடுத்த இயக்குநர் கம்பெனிக்குத் தர வேண்டிய பணம். மார்ச் 31-இல் அது ரொக்கம் இல்லை, ‘இயக்குநரிடமிருந்து வர வேண்டியது’. இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. இயக்குநருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதைக் கம்பெனிகள் சட்டத்தின் 185-ஆம் பிரிவு தடுக்கிறது. சில நிபந்தனைகளை நிறைவேற்றும் தனியார் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் கம்பெனி அதில் வருகிறதா என்று உங்கள் தணிக்கையாளரிடம் கேளுங்கள். இரண்டாவது, பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிப் போன பணத்தை, கம்பெனியின் திரண்ட லாபத்தின் அளவுக்கு, அவருக்குக் கொடுத்த டிவிடெண்டாகக் கருதி வரி விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொகையை வங்கி வழியாக, கூடிய விரைவில் கம்பெனிக் கணக்கில் திருப்பிக் கட்டுங்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டாம். இன்று கட்டுவது இந்த ஆண்டின் வரவு. மார்ச் 31-இல் வந்ததாக எழுதக் கூடாது.

தேதியைப் பின்னுக்குத் தள்ளி வவுச்சர் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும் வசதி இருந்தாக வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். மே மாதத்தில் நுழைத்த டிசம்பர் வவுச்சர் அங்கே மே மாதத்தில்தான் தெரியும்.

வங்கியில் இருக்கும் பணம்

நீங்கள் எடுத்துக்கொண்ட 9,40,000 வங்கி அறிக்கையின் எண். டாலியில் 5,60,000 தான் இருக்கிறது, வித்தியாசமான 3,80,000-ஐ சஸ்பென்ஸில், அதாவது காரணம் தெரியாத தொகைக்கான தற்காலிகக் கணக்கில், வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சஸ்பென்ஸ் தேவையே இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் அவை. காசோலையைக் கொடுத்துவிட்டால் அந்தப் பணம் உங்களுடையது அல்ல, வங்கி அறிக்கையில் இன்னும் தெரிந்தாலும் சரி. ஆனால் அவற்றில் ஒன்று, விசைத்தறிக்காரருக்கு எழுதிய 1,50,000 ரூபாய் காசோலை, மார்ச் 31-இல் உங்கள் மேசை இழுப்பறையில்தான் இருந்திருக்கிறது. கைமாறாத காசோலை பணம் கொடுத்ததாக ஆகாது. அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியான இருப்பு 7,10,000. கூடவே அந்த விசைத்தறிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் மீண்டும் பொறுப்புப் பக்கத்தில் ஏறும்.

அவர் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அவருக்குப் பணம் கொடுக்கக் கெடு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அதற்குள் கொடுக்காமல் ஆண்டு முடிந்தால் அந்தக் கூலியை இந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் இருப்பதாக எழுதிவிட்டு ஒன்றரை லட்சத்துக் காசோலையை இழுப்பறையில் பிடித்து வைத்திருந்திருக்கிறீர்கள். உண்மையில் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இது ஒன்றே சொல்லிவிடுகிறது.

டாலர் கணக்கு ரொக்கம்தான், ஐயமில்லை. ஆனால் டாலர் வந்த நாளின் விலையில் விட்டுவிடாமல் மார்ச் 31-இன் விலையில் ரூபாயாக மாற்ற வேண்டும். வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். நீங்கள் 8,30,000 என்று சரியாகவே மாற்றியிருக்கிறீர்கள்.

வங்கியில் இருப்பது எப்போதும் கையில் இருப்பதற்குச் சமம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கரூரில் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 முதல் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. நவம்பர் 27-இல் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைந்த பிறகு வைப்பாளர்களுக்கு இழப்பு இல்லாமல் முடிந்தது. ஆனாலும் அந்தப் பத்து நாட்களில் கூலி போட முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன். இருப்புநிலைக் குறிப்பின் தேதி அந்த நாட்களில் விழுந்திருந்தால், ‘இந்தத் தொகையை இப்போது பயன்படுத்த முடியாது’ என்று குறிப்பு எழுதியிருக்க வேண்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் வரைதான் என்பதையும் கம்பெனிகள் மறந்துவிடுகின்றன.

தணிக்கையாளர் வங்கியிடமிருந்து நேரடியாக இருப்புச் சான்று கேட்டால் அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009 ஜனவரி 7-இல் சத்யம் நிறுவனத்தின் தலைவர் தாமே ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லை. சிறிய இடைவெளியாகத் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்றுதான் அவரும் எழுதினார். உங்கள் பெட்டியை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் இடைவெளியை அடுத்த ஆண்டுக்கு உருட்டிவிடும் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதை நாடே பார்த்துவிட்டது.

மூன்று டெபாசிட் ரசீதுகளும் மூன்று இடங்களும்

நாற்பது லட்சத்தை நீங்கள் ஒரே பொருளாகப் பார்க்கிறீர்கள். ரசீதுகளை மேசையில் வரிசையாக வையுங்கள். 60 நாளுக்குப் போட்ட 5 லட்சம் ரொக்கத்துக்கு இணையானது. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதமோ அதற்குள்ளோ முதிர்வது அதில் சேரும். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். ஓராண்டு டெபாசிட்டில் இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி என்பதால் அது ரொக்கத்துக்கு இணையாகிவிடாது. அளவுகோல் வாங்கிய நாளிலிருந்து, மார்ச் 31-இலிருந்து அல்ல.

தறி இறக்குமதிக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதமான எல்.சி.க்கு மார்ஜினாக (பிணையாக) கொடுத்த ஓராண்டு ரசீது, 25 லட்சம். அதை எடுக்க முடியாதபடி வங்கி தன் உரிமைப் பிடிப்பை (லீன்) போட்டு வைத்திருக்கிறது. உங்கள் மாமனாருக்கு மஞ்சள் மண்டி தெரிந்திருக்கும். கிடங்கில் இருக்கும் மூட்டையின் மேல் வங்கியில் கடன் வாங்கிவிட்டால் மூட்டை அவருடையதுதான், ஆனால் விலை ஏறும் நாளில் எடுத்து விற்க முடியாது. இந்த ரசீதும் அப்படித்தான். ‘ரொக்கமும் வங்கி இருப்பும்’ என்ற தலைப்பின் கீழேயே வரலாம். ஆனால் ‘இதர வங்கி இருப்புகள்: மார்ஜின் தொகை’ என்று தனியாகக் காட்ட வேண்டும்.

மூன்றாவது ரசீது 10 லட்சம், முதிர இன்னும் இருபது மாதம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் என்பதால் அது நடப்புச் சொத்தே அல்ல, நடப்பு அல்லாத சொத்துகளில் போய் உட்கார வேண்டும். முறிக்க நினைத்தால் முறிக்கலாமே என்று கேட்பீர்கள். முறிக்கும் எண்ணம் இப்போது இல்லை, முறித்தால் வட்டி குறையும். எண்ணம் மாறும் நாளில் வரியும் மாறட்டும்.

மூன்றுக்கும் மார்ச் 31 வரை சேர்ந்த வட்டியை, கைக்கு வராவிட்டாலும், வருமானமாக எடுத்து ‘சேர்ந்த வட்டி’ என்று தனியே காட்டுங்கள். வங்கி முன்கூட்டியே பிடித்த டி.டி.எஸ். வரியைக் கழித்த பிறகுள்ள வட்டியை மட்டும் நீங்கள் வருமானமாக எழுதியிருப்பது தவறு. முழு வட்டியும் வருமானம், பிடித்தது அரசிடமிருந்து வரவு வைத்துக்கொள்ள வேண்டிய சொத்து. வருமான வரி இணையதளத்தில் கம்பெனியின் பான் எண்ணில் தெரியும் தொகையோடு ஒத்துப் பாருங்கள்.

ஃபண்டில் இருப்பது ரொக்கம் அல்ல

குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்ட 20 லட்சம் 20,70,000 ஆகியிருக்கிறது. பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைப்ரிட் ஃபண்டில் போட்ட 10 லட்சம் 9,40,000 ஆகியிருக்கிறது. இரண்டையும் மார்ச் 31 விலையில் எழுதியிருக்கிறீர்கள். லிக்விட் ஃபண்டில் மறுநாளே பணம் வருகிறதே, ரொக்கம் என்றால் என்ன தவறு என்பது நியாயமான கேள்வி. பணம் சீக்கிரம் வரும், உண்மை. ஆனால் எவ்வளவு வரும் என்பதற்கு யாரும் உறுதி சொல்வதில்லை. கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டுகளிலும் கதவு மூடப்படலாம் என்பதை 2020 ஏப்ரலில் ஒரு பெரிய பரஸ்பர நிதி நிறுவனம் ஒரே நாளில் ஆறு திட்டங்களை மூடியபோது பார்த்தோம். ஆகவே இரண்டும் ‘நடப்பு முதலீடுகள்’. ஓராண்டுக்குள் விற்கும் எண்ணமும், எளிதில் விற்கும் வசதியும் இருப்பதால் நடப்பு.

விலைக்கு விதி எளியது. கணக்கியல் தரம் 13-இன்படி நடப்பு முதலீட்டை வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததில் காட்ட வேண்டும். லிக்விட் ஃபண்டு 20,00,000, ஹைப்ரிட் 9,40,000, ஆக 29,40,000. ஒன்றில் வந்த எழுபதாயிரம் ஏற்றத்தால் மற்றொன்றின் அறுபதாயிரம் இறக்கத்தை ஈடுகட்ட முடியாது. விற்றுக் கைக்கு வராத லாபத்தைக் கணக்கில் ஏற்றாதீர்கள். பங்குச் சந்தையில் பதிந்த கம்பெனிகளும், நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்ட கம்பெனிகளும் பின்பற்றும் தரங்களில் இந்த விதி வேறு. அவர்களுடைய அறிக்கையைப் பார்த்து நீங்கள் குழம்ப வேண்டாம்.

பெயர் மாறிய பணமும் ஒன்றரை வட்டியும்

மாமியார் பெயரில் இருக்கும் 12 லட்சத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் இல்லை, அரை சதவீத வட்டி ஆசைதான். ஆனால் கம்பெனியின் முதலீடு கம்பெனியின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 187-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் கம்பெனிக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும் அபராதம் உண்டு. வட்டி வருமானம் அவர் பான் எண்ணில் போகிறது. நாளை அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த ரசீது அவருடைய வாரிசுகளின் சொத்து. உங்கள் நாத்தனாருக்கும் அதில் பங்கு கேட்க உரிமை வரும், கம்பெனிப் பணம் என்பதை நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய். அதற்காகக் குடும்பத்துக்குள் இப்படி ஒரு கேள்வியை விட்டுவைக்க வேண்டுமா? ரசீதை முறித்து, அசலையும் வட்டியையும் அவர் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மார்ச் 31 குறிப்பில் அதை ‘தொடர்புடையவரிடமிருந்து வர வேண்டியது’ என்றுதான் காட்ட முடியும்.

பைனான்ஸில் கொடுத்த 10 லட்சம் முதலீடே அல்ல, கடன். ‘குறுகிய காலக் கடன்களும் முன்பணங்களும்’ என்ற இடத்துக்குப் போகும். கம்பெனி கடன் கொடுக்க இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 15,000 வட்டி மாமனார் கைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது கம்பெனியின் வருமானம், கம்பெனிக் கணக்குக்கு வர வேண்டும். அதைவிட முக்கியமாக, கேட்டபோது தருவார் என்ற நம்பிக்கையை ஒருமுறை கேட்டுப் பார்த்துச் சோதியுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் போட்ட பணத்தை இழந்த நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாதாமாதம் பணம் வருவதைப் பார்த்து நம்பியவர்கள்தான்.

வங்கி வரம்பு குறையுமா?

இப்போது கூட்டிப் பார்ப்போம். பெட்டியில் 2,15,000, நடப்புக் கணக்கில் 7,10,000, டாலர் கணக்கில் 8,30,000, அறுபது நாள் டெபாசிட் 5,00,000. ரொக்கமும் ரொக்கத்துக்கு இணையானவையும் சேர்ந்து 22,55,000. ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் எங்கே, இது எங்கே என்று மாமனார் அதிர்ச்சியடைவார். ஆனால் பாருங்கள், மார்ஜின் 25 லட்சம், ஃபண்டுகள் 29,40,000, பைனான்ஸ் கடன் 10 லட்சம், இயக்குநரிடமிருந்து வர வேண்டிய 12,45,000 (தொழில் செலவு என்று ஆதாரம் கிடைக்கும் பகுதி இதில் குறையும்), மாமியாரிடமிருந்து வர வேண்டிய 12 லட்சம் எல்லாம் நடப்புச் சொத்துகளாகவே நிற்கின்றன. மொத்தம் 1,11,40,000. நடப்புச் சொத்தில் குறைவது 13 லட்சம், அதிலும் 10 லட்சம் நடப்பு அல்லாத சொத்துக்கு இடம் மாறியது மட்டும். பிரித்துக் காட்டினால் நடப்பு விகிதம் (நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்தது) சரிந்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் தவறு.

வங்கி அதிகாரி உங்கள் கூட்டலை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதையும் மறைக்க மாட்டேன். மார்ஜின் தொகை, இயக்குநர் பாக்கி, உறவினர் பாக்கி ஆகியவற்றை அவர் தம் கணக்கீட்டில் தள்ளிவிடுவது வழக்கம். நீங்கள் ஒரே வரியில் எழுதினாலும் அவர் பட்டியல் கேட்பார், அப்போது தெரிந்துவிடும். வரம்பைக் காப்பாற்ற உதவுவது இயக்குநரும் மாமியாரும் தர வேண்டிய அந்த இருபத்து நான்கு லட்சத்துச் சொச்சத்தைப் புதுப்பிப்பதற்கு முன் கம்பெனிக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

சி.சி. கணக்கின் 62 லட்சத்தை ரொக்கத்தில் கழிக்கக் கூடாது. அது பொறுப்புப் பக்கத்தில் ‘குறுகிய காலக் கடன்’. ஒருபக்கம் கடன், மறுபக்கம் இருப்பு, இரண்டும் முழுதாகத் தெரிய வேண்டும். முழுதாகத் தெரிந்தால் உங்களுக்கே ஒரு கேள்வி எழும்: 62 லட்சத்துக்கு வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே, அதைவிடக் குறைந்த வட்டிக்கு இருபது மாத டெபாசிட் எதற்கு? லீன் இல்லாத அந்தப் பத்து லட்சத்தை சி.சி. கணக்கில் போட்டால் முறிக்கும்போது இழக்கும் வட்டியைவிட மிச்சப்படும் வட்டி அதிகமா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வங்கியின் விகிதங்களை வைத்து நீங்களே போட்டால்தான் மாமனாரும் நம்புவார்.

அவரிடம் எங்கே தொடங்குவது என்று யோசிப்பீர்கள். பெட்டியிலிருந்து தொடங்குங்கள். நாளை காலை கணவரையும் மாமனாரையும் உட்கார வைத்து, ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, நூறு எத்தனை என்று மூவருமாக எண்ணி ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு நடந்த வரவு செலவைப் பின்னோக்கிச் சரிசெய்தால் அன்றைய உண்மையான இருப்பு கிடைத்துவிடும். குற்றம் சாட்டுவதாக இல்லாமல் எண்ணுவதாக மட்டும் இருக்கட்டும். அந்தத் தாளையும் மூன்று ரசீதுகளின் நகலையும் புரோநோட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு, வங்கிக்குப் போவதற்கு முன் உங்கள் தணிக்கையாளரைப் பாருங்கள்.